ஒதுங்க ஒரு தர்பூசணி

மல்சுன் என்றால் கடைசிப் பெண் என்று அர்த்தம். இதோடு பெண் பிறந்தது போதும் என்று நம்மூரில் போதும்பொண்ணு என்று வைப்பதில்லையா, அதேதான். அந்த மல்சுன் எழுபத்து மூன்று வயதிலும் தென்கொரியாவின் தேகு நகரத்துச் சந்துகளில் அட்டைப்பெட்டி பொறுக்கி வண்டி தள்ளிக்கொண்டிருந்தாள்.

சுற்றிலும் மலை. ஆகஸ்டில் ஏறும் சூடு இறங்க வழியில்லாத ஊர். தெருவில் ஒருமுறை மயங்கி விழுந்தவளை, "இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டீங்கம்மா. மத்தியானத்துல குளிர்ச்சியான இடத்துல இருங்க" என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார். அவள் அறையில் ஜன்னலே கிடையாது. மின்விசிறி அனலை வாரி இறைத்தது.

உயிர்ப்பயத்தில் முதியோர் மன்றத்துக்குப் போனாள். 'வெயில் ஒதுங்கிடம், யாரும் வரலாம்' என்று வாசலில் பலகை தொங்கியது. உள்ளே ஏசி போட்டுச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு நீ?" என்றாள் மன்றத் தலைவி பில்ஜா.

"பின் சந்துல இருக்கேங்க்கா. போர்டைப் பார்த்துட்டு வந்தேன்."

"போர்டை மாட்டினது அரசாங்கம். வந்து உட்கார்றது எங்க கூட. இவ முதல்ல வந்தப்போ பெட்டி நிறைய பீச் பழம் கொண்டாந்தா. இல்லடி?"

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். போ என்று ஒருத்தியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மல்சுன் சண்டை பிடித்திருப்பாள். புது இடத்துக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவளுக்கும் ஊறிப்போன வழக்கம்தான். "புத்தி கெட்டவ நான்" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பினாள். இந்த மானத்தைத் தூக்கி அடுப்பில் போட!

மறுநாள் உச்சிவெயிலிலும் வண்டி தள்ளினாள். வெளியே வேலை செய்யாதீர்கள் என்று அரசாங்கத்தின் எச்சரிக்கை அவள் கைபேசியில் அலறிக்கொண்டே இருந்தது. அட்டையை எடைக்குப் போட்ட கையோடு தர்பூசணி ஒன்று வாங்கினாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு மன்றத்து வாசல்வரை வந்தவள் அங்கேயே சுருண்டு விழுந்தாள். பழம் உடையவில்லை.

எப்படியோ பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் நேராக மன்றத்துக்கே போனாள். பில்ஜா சீட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள்.

"அட, தர்பூசணிக்காரி! பொழைச்சுட்டியா? உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதுமே வெட்டிட்டோம். இந்த வெயிலுக்கு வச்சிருந்தா கெட்டுப்போயிருக்குமே. தேனாட்டம் இருந்துச்சு, போ!"

பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது.

"இன்னிக்கு ஒண்ணும் கொண்டாரலையா?"

மல்சுன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.