இந்தப் பெட்டிக்குள் எந்தக் கார்ட் போகும்?

அண்ணனை நான் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு விளையாட்டுக்குள் சந்தித்துக்கொண்டிருந்தேன். அவன் வளைகுடா நாடு ஒன்றில் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தான். நான் நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இன்னும் அதே வேலைதான்.

அது லொறி ஓட்டும் விளையாட்டு. பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில், இரண்டு பேர் இரண்டு லொறிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு ஒன்றின்பின் ஒன்றாகப் போக வேண்டும். போகப் போகப் பேசலாம். காதில் மாட்டிக்கொள்ளும் மைக் அவன் வாங்கித் தந்தது. கம்ப்யூட்டரும் அவன் வாங்கித் தந்ததுதான். கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட, ஒல்லியான, சாய்த்துப் படுக்கவைத்த பெட்டி. நான் உயர்தர வகுப்புப் படிக்கிற காலத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தான்.

முதலில் அவன் போனில்தான் பேசினான். பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றது. வட்ஸ்அப்பில் நான் அனுப்பியவையெல்லாம் போய்ச் சேராமல் ஒற்றைக் கோடாகவே கிடந்தன. முகநூலில் அவனுடைய பக்கமே இல்லாமல் போனது. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர் "விசாரிக்கிறேன்" என்று இரண்டொரு தடவை சொன்னார், அப்புறம் எங்கள் எண்ணைக் கண்டாலே எடுப்பதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை, அவனுக்கு லீவு நாள், விளையாட்டுக்குள் மட்டும் தவறாமல் வந்தான். போனைப் பற்றிக் கேட்டால் "ஒடஞ்சு போச்சு பாப்பா" என்பான். சம்பளம் பற்றிக் கேட்டால் "வளைவு வருது, பாத்து ஓட்டு" என்பான்.

கடைசியாகப் பேசிய வெள்ளிக்கிழமை அவன் லொறி சாலையோரத்தில் நின்றுவிட்டது. நானும் நிறுத்தினேன்.

"என்னாண்ணே, டீசல் முடிஞ்சிருச்சா?"

"இல்ல. சும்மா நிக்கிறேன்." லொறியின் விளக்குகளை அணைத்தான். "பாப்பா, எனக்கு ஒன்னுமே புடிக்கல. இப்பிடியே இருந்துறலாமான்னு இருக்கு. இல்லாம போயிறலாமான்னும் இருக்கு."

"என்னாண்ணே பேசுற?"

"ஒன்னுமில்ல. அடுத்த வாரம் சொல்றேன்." அவ்வளவுதான். திரையில் அவன் லொறி மறைந்துபோனது.

அந்த வாரத்தில்தான் விளையாட்டுக்கு அப்டேட் வந்தது. ஜன்னலில் செருகிவைத்த ரவுட்டரின் டேட்டா முழுவதையும் அது குடித்தது. வெள்ளிக்கிழமை திறந்தேன். கறுப்புத் திரை. நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி: உங்கள் கிராபிக்ஸ் கார்ட் இதற்கு ஆதரவளிக்காது. மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன். அதே வரி. பழைய பதிப்பிலேயே இருக்கலாமா என்று தேடினேன். பழைய பதிப்பு இனிமேல் யாருடனும் சேராது என்றிருந்தது.

இதைவிடக் கொடுமை என்னவென்றால், விளையாட்டைத் திறக்கும் முன் வரும் சின்னப் பக்கத்தில் நண்பர்களின் பெயர்கள் தெரியும். யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். என் பட்டியலில் இருந்தது ஒரே பெயர். அது பச்சையாக எரிந்தது. அண்ணன் உள்ளே இருந்தான். எனக்காகக் காத்திருந்தான். அந்தப் பக்கத்தில் ஒரு சொல் எழுதி அனுப்ப வழியில்லை. பேசுவதென்றால் உள்ளே போயாக வேண்டும். புள்ளி அணையும்வரை நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே வந்தானாடி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

"வந்தான்மா" என்றேன். பொய்யில்லை.

அடுத்த நாளே அட்டன் டவுனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் ஒரு லெப்டொப்பின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கேம் அப்டேட் ஆனதுக்கப்புறம் தொறக்க மாட்டேங்குது. கிராபிக்ஸ் கார்ட் பத்தாதுன்னு வருது. எந்தக் கார்ட் வாங்கணும்னு சொன்னீங்கன்னா போதும்."

"என்னா புரோசசர்?"

"தெரியலங்க."

"பவர் சப்ளை எத்தன வாட்?"

"அதுவும் தெரியலண்ணே."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "கேமுக்கா? புதுசா ஒன்னு எடுத்துருங்க தங்கச்சி. இதெல்லாம் பழைய மாடலு."

"பாக்காமலே எப்பிடிண்ணே பழைய மாடல்னு சொல்றீங்க?"

பின்னால் நின்றவரின் பிரிண்டருக்கு அவர் மை எடுக்கப் போய்விட்டார். அங்கிருந்து இறங்கி, டைப் அடித்துக் கொடுக்கிற ஒரு கடையில், அவர்களுடைய கம்ப்யூட்டரில் விளையாட்டை ஏற்றி ஒரே ஒரு தடவை உள்ளே போக விடுவார்களா என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

இணையத்தில் கேட்டேன். ஆங்கிலக் குழு ஒன்றில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கேள்வியை எழுதினேன். நிறையப் பதில்கள் வந்தன. முதல் ஆள் ஒரு கார்டின் பெயர் சொன்னார். இரண்டாவது ஆள் அந்தக் கம்பனியே குப்பை என்றார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்த இரண்டு கம்பனிகளுக்காகச் சண்டை பிடித்தார்கள். யாரும் என்னைப் பார்த்துப் பேசவேயில்லை. ஒருவர் மட்டும் 'பாட்டில்நெக்' என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுப் போயிருந்தார். அகராதியில் பார்த்தேன். போத்தலின் கழுத்து என்றிருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று அழுகை வந்தது.

தமிழ்க் குழு ஒன்றிலும் கேட்டேன். "பொண்ணுக்கு எதுக்கு கேமு, போய் வீட்டு வேலையப் பாருங்க" என்று ஒரு பதில். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக நின்றன. சென்னையில் இருக்கிற ஒருவரின் வீடியோக்களைப் பார்த்தேன். அவர் பாவம், தெளிவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் காட்டிய பெட்டிகள் எல்லாம் அலுமாரி மாதிரி நின்றன. என்னுடையது படுத்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டிருந்தன. பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஆட்டிக்கொண்டிருக்கும்போது "இல்லாம போயிறலாமான்னும் இருக்கு" என்ற குரல் காதில் கேட்கும். ஆட்டுவதை நிறுத்திவிடுவேன், குழந்தை விழித்து அழும். வீட்டுக்கு ஓடி வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தால் புள்ளி எரியும். எரிகிறவரைக்கும் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் தங்கச்சியும் கைவிட்டுவிட்டாள் என்றுதானே அவன் நினைத்திருப்பான்? ஒரு வெள்ளிக்கிழமை புள்ளி எரியவில்லை. அன்றைக்கு அம்மா கேட்டபோது "வரலம்மா" என்றேன். அவர் கிட்டே வந்தார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, அதாலேயே கம்ப்யூட்டர் மேல் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் வேறொரு கடைக்குப் போனேன். பழைய சாமான் விற்கிறவர். "இது எல்லாத்துலயும் பொருந்தும்மா, பயப்படாம கொண்டு போங்க" என்று ஒரு கார்டை எடுத்துத் தந்தார். இரண்டு காற்றாடி வைத்தது, கையில் செங்கல் மாதிரி கனத்தது. தோட்டத்தில் அம்மாவுக்குக் கொடுத்த தீபாவளி முற்பணம் அப்படியே போனது. பஸ்ஸில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

பெட்டியின் மூடியைக் கழற்றிச் செருகிப் பார்த்தேன். மூடி மூடவில்லை. கார்ட் பெட்டிக்கு வெளியே உள்ளங்கை அகலம் துருத்திக்கொண்டு நின்றது. பரவாயில்லை, திறந்தே கிடக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் கார்டின் ஓரத்தில் ஆறு ஓட்டைகள் கொண்ட ஒரு வாய் இருந்தது. அதற்குள் போக வேண்டிய வயர் என் பெட்டிக்குள் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தேன். இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் ஒன்றும் வரவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, "பிரிச்ச சாமான எடுக்க ஏலாதும்மா" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நான் அங்கே சத்தம் போட்டேன் என்று நினைக்கிறேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, அந்தக் கோபத்திலேயே, இலங்கைக்காரர்கள் எழுதுகிற ஒரு கம்ப்யூட்டர் குழுவில் சிங்களத்தில் எழுதினேன். என் சிங்களம் கடைத்தெருச் சிங்களம். மூடி திறந்த பெட்டியைப் படம் எடுத்துப் போட்டேன். அதுவரை யாரிடமும் சொல்லாததையும் எழுதினேன்: எனக்கு விளையாட ஆசை இல்லை. என் அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான். சாகிற மாதிரிப் பேசினான். அவன் இந்த விளையாட்டுக்குள் மட்டும்தான் வருகிறான். இந்தப் பெட்டிக்குள் எந்தக் கார்ட் போகும் என்று யாராவது சொல்லுங்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், தங்கச்சி என்று கூப்பிட்டு, சிங்களத்தில் பதில் எழுதினார். "நங்கி, கார்ட் வெளியே எட்டிப் பார்க்கிற அந்த ஓட்டையின் உயரத்தை அடிமட்டத்தால் அள. பவர் சப்ளையில் ஒட்டியிருக்கிற லேபலைப் படம் எடு. வேறு எதுவும் வேண்டாம்."

அளந்தேன், எடுத்தேன், அனுப்பினேன்.

"அரை உயரக் கார்ட் மட்டும்தான் போகும். தனி வயர் கேட்காத கார்டாக இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் உன் விளையாட்டு திறக்கும், மெதுவாக ஓடும்."

இவ்வளவுதான் பதில். எத்தனையோ பேரிடம் கெஞ்சியது இந்த மூன்று வரிக்காகத்தான். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

பிறகு போனில் பேசினோம். அவர் நாவலப்பிட்டியில் ஒரு பாமசியில், மருந்துக் கடையில், வேலை செய்கிறவர். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, இன்னும் வீட்டில் கேம் விளையாடுகிறவர். தன் பெட்டியை மாற்றியபோது கழற்றிப் போட்ட அரை உயரக் கார்ட் ஒன்று அவரிடம் சும்மா கிடந்தது. "உன்னுடைய பெரிய கார்ட் எனக்கு உதவும். மாற்றிக்கொள்வோம்" என்றார். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "யாரு எவருன்னே தெரியாது, இருக்குறதயும் புடுங்கிக்கிட்டுப் போயிருவாங்கடி" என்று என்னோடு அட்டனுக்குக் கூடவே வந்தார்.

ரயில் நிலையத்துக்கு வெளியே அந்த அக்கா குடையோடு நின்றார். நியூஸ்பேப்பரில் சுற்றிய கார்ட் என் உள்ளங்கையில் அடங்கியது. "முன்னால இருக்கிற தகட்டைச் சின்னதா மாத்திட்டேன், இல்லாட்டி பெட்டிக்குள்ள உட்காராது" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி அதிகமில்லை. "புதா எய்" என்றார். மகன் வருவான் என்று நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா தலையாட்டினார்.

கார்ட் உட்கார்ந்தது. மூடி மூடியது. விளையாட்டு திறந்தது. பனி விட்டு விட்டு, படம் படமாகக் கொட்டியது. வெள்ளிக்கிழமை உள்ளே போய், நாங்கள் வழக்கமாகச் சந்திக்கிற எரிபொருள் நிலையத்தில் லொறியை நிறுத்திக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. இருட்டத் தொடங்கி, அம்மா விளக்கைப் போட்டபோது, ஒரு லொறி மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது.

"பாப்பா?"

அம்மா மைக்கை என் காதிலிருந்து பிடுங்கிவிட்டார்.

"தம்பி, எங்கய்யா இருக்க? சாப்புட்டியா?"

அந்தப் பக்கம் அண்ணன் அழுத சத்தம் எனக்கு வெளியிலேயே கேட்டது.

பிறகு எல்லாம் சொன்னான். மாதக்கணக்காகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம். போனை விற்றுச் சாப்பிட்டிருக்கிறான். தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கேம் கடை. அதைக் கூட்டித் துடைத்துக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம் உட்கார விடுவார்கள்.

"அந்தக் கடையில இருந்து ஒரு மெசேஜ் போட்டுருக்கலாமேண்ணே."

"போட்டா ஒடனே கால் எடுத்து அம்மாகிட்ட குடுப்ப. அம்மா கொரலக் கேட்டா நான் தாங்கமாட்டேன்னு இருந்தேன். நீயும் வராமப் போனதும், இனி யாருக்காக வரணும்னு ஒரு வாரம் வரல. இன்னக்கி சும்மாதான் வந்தேன்."

நானும் வரவில்லை என்று அவன் நினைத்திருந்த அந்த வாரங்களைப் பற்றி, கார்ட், வாட், அரை உயரம் என்று விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். தங்குமிடத்தின் பெயரையும் தெருவையும் முதலாளியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைகளுக்கான அலுவலகத்துக்கு அலைந்தோம். நாளைக்கு வா என்றார்கள், அதிகாரி இல்லை என்றார்கள். அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு, கொழுந்து பறிக்கப் போகாமல் வந்த நாட்கள் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் நான் உள்ளே போய், "நடக்குது, இன்னும் கொஞ்சம்" என்று சொன்னேன். நடக்கிறதா என்று எனக்கே தெரியாத வாரங்களிலும் சொன்னேன்.

அலுவலகக்காரர்கள் ஒருவழியாகப் பாஸ்போர்ட்டை மீட்டுக் கொடுக்க, அண்ணன் வந்தது மழைக்காலத்தில். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கையில் ஒரு பை மட்டும் இருந்தது. சட்டைக்குள் ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து லயத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் யாருக்கும் முகம் கொடுக்காமல் உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

இப்போது நோர்வூட்டில் ஒரு கடையில் வேலை செய்கிறான். வளைகுடாவில் நடந்ததை அதற்குமேல் அவன் சொல்லவில்லை. கேட்டால் "விடு பாப்பா" என்கிறான். அம்மா கேட்பதேயில்லை. சோற்றை மட்டும் கூடப் போடுகிறார், அவன் போதும் என்று கையை மறித்த பிறகும்.