துரை சொன்ன யோசனை

ரப்பர் விலை விழுந்த காலம். மலாயாவில் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மலேரியாக் காய்ச்சலில் எழ முடியாமல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒருநாள் துரை என்னை ஆபீசுக்கு அழைத்து, ஆங்கிலத்தில் ஏதோ மென்மையாகச் சொன்னார். "சஜெஸ்ட்" என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது.

"நீங்க ரெண்டு பேரும் ஊருக்குக் கப்பலேறிட்டா நல்லதுன்னு துரை சஜெஸ்ட் பண்றாரும்மா. அப்படின்னா, யோசனை சொல்றாரு," என்றார், பக்கத்தில் நின்ற ஆபீஸ் குமாஸ்தா கிராணி.

யோசனைதானே என்றதும் போன உயிர் திரும்பியது. "அவரு எழுந்து நடக்கட்டுங்க, அப்புறம் பாக்கலாம்," என்றேன். கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் துரை தலையாட்டினார்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் என் பெயரைக் கூப்பிடவில்லை. என் மரங்களை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓடிப்போய்க் கிராணியை மறித்தேன்.

"யோசனைன்னுதானே சொன்னீங்கய்யா?"

"மத்தவங்க சொன்னா யோசனை. துரை சொன்னா உத்தரவும்மா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

துரையின் முன் கைகூப்பி நின்றேன். "ஐயா, நானும் சஜெஸ்ட் பண்றேன், ஒரு மாசம் பொறுத்துக்குங்க," என்று அழுதேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு "நோ" என்றார்.

கூட வேலை செய்தவர்கள் உதவ, கப்பலேறுவதற்காகக் கணவரைப் பாயோடு தூக்கிக்கொண்டு குளுவாங் ஸ்டேஷனுக்குப் போனோம். ரயில் வருவதற்குள் அவருக்கு மறுபடி குளிர் கண்டது. புடவைத் தலைப்பைப் போர்த்தியும் நடுக்கம் அடங்காமல், பிளாட்பாரத்திலேயே அவரைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தேன்.