கடப்பாக்கத்தில் மேளம் நின்றபோது

புதுச்சேரி விமான நிலையத்தில் காலை எட்டு மணிக்கு அந்த விமானத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்தால் இப்படித்தான் இருக்கும். நான்கு இருக்கை, மூக்கில் ஒரு விசிறி, முன்னால் மட்டும் இரண்டு கதவு. சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்கு மகள் தந்த பரிசு இது. கடற்கரை ஓரமாகவே பறந்து சென்னையில் இறங்க ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய். தங்கத்தில் ஒரு மூக்குத்தி வாங்கித் தந்திருக்கலாம்.

என் கணவர் ராகவன் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் விபத்துப் பாதுகாப்பு அதிகாரி. சைரன் ஊதச் செய்து, ஊழியர்களுக்குக் கவசம் மாட்டி, கட்டடத்தை விட்டு வெளியேற்றிப் பழக்குவது அவர் வேலை. "முதல்ல கவசம், அப்புறம் நகரு" என்பது அவருடைய மந்திரம். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் மாற்றுவார்.

விமானி நவீன் முப்பது வயதுப் பையன். ஆளுக்கொரு மஞ்சள் மிதவைச் சட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"மேடம், இது மடிச்சபடியே கெடக்கட்டும். தண்ணில இறங்க வேண்டி வந்தா, வெளில வந்தப்புறம்தான் இந்தச் சிவப்புக் கயித்த இழுக்கணும். உள்ள இழுத்துடாதீங்க."

ராகவன் தேர்வு நடத்துகிறவர் மாதிரித் தலையாட்டினார். மிதவைச் சட்டையின் இடுப்புப் பட்டையை இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டார். வேடிக்கை பார்க்க வசதியென்று முன் இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

எட்டரைக்குக் கிளம்பினோம். மரக்காணம் வந்தபோது உப்பளங்கள் கோலமாவு கொட்டி வைத்ததுபோலத் தெரிந்தன. பயம் கொஞ்சம் தெளிந்து நான் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

"தம்பி, எங்க குவார்ட்டர்ஸ் மேல ஒரு ரவுண்டு அடிக்க முடியுமா?" என்றார் ராகவன்.

"சார், கல்பாக்கத்து மேல பறக்கக் கூடாது. கடப்பாக்கம் தாண்டினதும் கடல் பக்கம் ஒதுங்கி, சுத்திதான் மாமல்லபுரம் போகணும்."

"அது எனக்குத் தெரியாதா? சும்மா கேட்டேன்."

கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்களைத் தாண்டி விமானம் கடல் மேல் திரும்பியது. அப்போதுதான் இன்ஜின் இருமியது. இரண்டு முறை இருமிவிட்டு நின்றே போயிற்று. அந்த அமைதியை நான் என்னவென்று சொல்ல? காற்று மட்டும் இரைந்தது. முன்னால் விசிறி அசையாமல் நின்றது.

நவீன் ஏதேதோ பொத்தான்களை அழுத்திப் பார்த்தான், ரேடியோவில் ஆங்கிலத்தில் கத்தினான், கரையை நோக்கித் திருப்பினான். "மணல்ல இறக்கிடலாம், பயப்படாதீங்க" என்றான். விமானம் தாழத் தாழ நானும் மணலைப் பார்த்தேன். காலி இடமே இல்லை. வரிசை வரிசையாகப் படகுகள், நடுவில் கும்பல் கும்பலாக ஜனங்கள்.

"இந்நேரத்துக்கு எல்லாம் கடல்லல்ல இருக்கணும்? ஏன் மொத்தப் படகும் கரைல கெடக்கு?" அவன் குரல் உடைந்தது. "தண்ணிலதான். மேடம், கதவைத் திறந்து செருப்ப இடுக்குங்க! அடிச்சா கதவு சிக்கிக்கும்!"

செருப்பை இடுக்கினேன். முருகா முருகா என்று மட்டும் வாயில் வந்தது. பிறகு சுவரில் மோதியதுபோல ஓர் அடி. மூக்கிலும் வாயிலும் உப்புத் தண்ணீர். யாரோ என் மிதவைச் சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்து சிவப்புக் கயிற்றை இழுத்தேன். சட்டை உப்பி என்னைத் தூக்கிப் பிடித்தது. பக்கத்தில் நவீன். அவனுடைய வலது மணிக்கட்டு கோணிக்கொண்டு தொங்கியது.

ராகவன் இல்லை.

விமானம் மூக்கைத் தண்ணீருக்குள் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. இறக்கையைத் தாங்கும் கம்பியைப் பிடித்தபடி பின் ஜன்னலுக்கு நகர்ந்து போனேன். உள்ளே இருந்தார். மஞ்சள் சட்டை காதுவரை உப்பி, அவரைக் கூரையோடு சேர்த்து அழுத்தியிருந்தது. உள்ளேயே கயிற்றை இழுத்துவிட்டார்! ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதரின் கை, இத்தனை வருடப் பழக்கத்தில் தானாகவே கவசத்தை முதலில் தேடியிருக்கிறது.

வெளியேற வேண்டுமென்றால் தண்ணீருக்குள் முங்கி முன் கதவு வழியாகத்தான் வரவேண்டும். அந்தச் சட்டை முங்க விடாது.

"கழட்டுங்க! அதைக் கழட்டுங்க!" கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன்.

அவர் முடிச்சைக் காட்டினார். நனைந்து இறுகிய இரட்டை முடிச்சு. நகத்தால் பிறாண்டிக்கொண்டே இருந்தார். நவீன் ஒற்றைக் கையால் முங்கப் பார்த்தான். அவன் சட்டையும் அவனைத் திருப்பித் திருப்பி மேலே அனுப்பியது. உள்ளே தண்ணீர் அவர் மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறியது. இவர் போய்விட்டால் நான் எதற்கு என்று தோன்றியது. நான் அவரை அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை.

கடலில் கண்ணுக்கெட்டிய வரை ஒரு படகு இல்லை. கரையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. மேளம், நடுவே வெடி. அது சாவு மேளம் என்று புரிந்தது. அவருக்காகத்தான் அடிக்கிறார்கள் என்றே நம்பினேன். ஈனக்குரலில் அழுதேன்.

சட்டென்று மேளம் நின்றது.

அலைச் சத்தத்துக்கு மேலே மோட்டார் சத்தம் கேட்டது. ஒரு ஃபைபர் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதில் நான்கு பேர். ஒருவன் வெற்றுடம்பில் கோடி வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தான்.

"யக்கா, உள்ள எத்தினி பேரு கீறாங்க?"

"ஒருத்தர். எங்க வீட்டுக்காரர். சட்டை முடிச்சு அவுக்க முடியல."

அவன் வலை அறுக்கும் கத்தியை எடுத்துப் பல்லில் கடித்தான். பின்னாலிருந்தவன் அவன் தோளைப் பிடித்தான்.

"டேய் செல்வம், நீ எறங்காத. வூட்ல அப்பன் பொணம் கீது. நீதான்டா கொள்ளி வெக்கணும்."

கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் சொன்னான்: "அவரு எங்கியும் போவமாட்டாரு. இந்தாளு போய்கினு கீறாரு பாரு."

குதித்துவிட்டான். ஜன்னலில் ராகவனின் மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. விமானத்தின் வால் மெல்லச் சாய்ந்தது. நான் கத்தினேனா, கத்தவில்லையா, தெரியாது. மஞ்சள் துணி ஒன்று கிழிந்து மேலே வந்தது. அதற்கப்புறம் இரண்டு தலைகள்.

கரையில் ஒரு பெண் தன் பழைய புடவை ஒன்றை எனக்குச் சுற்றிவிட்டாள். செல்வத்தின் அப்பா ஏழுமலை முந்தின நாள் இறந்துபோனாராம்.

"சாவு வுழுந்தா பொணம் எடுக்குற வரைக்கும் ஊர்ல ஒருத்தரும் கடலுக்குப் போவ மாட்டாங்க. அதான் போட்டு அல்லாம் கரைல கெடக்குது" என்றாள். "நீ சாயா குடி. வெடவெடன்னு நடுங்குற பாரு."

நவீனும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மணலில் இடம் கொடுக்காத படகுகளை ஒரு முறை பார்த்தான்.

மேளம் மறுபடி தொடங்கியது. ஆம்புலன்ஸ் வந்து காத்திருந்தது. ராகவன் ஏற மறுத்துவிட்டார். யாரோ கொடுத்த லுங்கியில், வெறுங்காலோடு, பாடைக்குப் பின்னால் தெருக்கோடி வரை நடந்தார். செல்வம் ஈரத் தலையோடு கொள்ளிச் சட்டி பிடித்துக்கொண்டு முன்னால் போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் நவீனுக்கு மாவுக்கட்டு, எங்களுக்கு ஊசி. அதிகாரிகள் வந்து கேள்வி கேட்டார்கள். மாலையில் கல்பாக்கத்துக்கு டாக்சி பிடித்தோம். வழியெல்லாம் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். போன மாதம் எங்கள் பிளாக்கில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோனார். மறுநாள் அலுவலகப் பேருந்து வழக்கம்போல வந்தது. எல்லாரும் ஏறிப் போனார்கள், இவரும்தான். எங்களைப் போல அந்த ஊரும் தன் வேலையைப் பார்க்கப் போயிருந்தால் எங்களுக்கு இறங்க மணல் கிடைத்திருக்கும். ஒருவேளை காலியான கடற்கரையில் ஒரு கீறலும் இல்லாமல் இறங்கி, அந்த ஊர்ப் பேரைக்கூட மறந்திருப்போம்.

வீட்டு வாசலில் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருந்த சாவியை நான் எடுத்தேன். ராகவன் உள்ளே வராமல் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயடிக்குப் போய் வாளியை நிரப்பினார்.

"ஏங்க, கடல்ல அவ்வளவு முங்கினது போதாதா?"

"அது வேற, கமலா. இது ஏழுமலை அய்யாவுக்கு."

தலையோடு ஊற்றிக்கொண்டார். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் அப்படித்தானே செய்யவேண்டும். நானும் சாவியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.