படத்தில் மட்டும் இருந்த கிணறு

சில வருடங்களுக்கு முன்பு, சென்னையே தண்ணீருக்குத் தவித்த ஒரு கோடையில் நடந்தது இது. நாங்கள் நாகர்கோவிலிலிருந்து ஆவடி பக்கம் கோவில்பதாகைக்குக் குடிவந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

வீட்டுப் பத்திரங்களோடு எங்கள் பகுதியின் பழைய நில அளவைப் படத்தின் நகல் ஒன்றும் கிடைத்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பேன். பஸ் போகும் சாலை ஓரிடத்தில் காரணமே இல்லாமல் வளைகிறதே, அது ஒரு காலத்தில் குட்டையின் கரை. மளிகைக் கடை வரிசை முழுவதும் தோப்பு. என் கணவர், "சம்பளம் வாங்காத சர்வேயர்" என்று கேலி செய்வார்.

அந்தக் கோடையில் லாரித் தண்ணீரும் ஒழுங்காக வரவில்லை. தெருக்காரர்கள் சேர்ந்து, முனையில் இருந்த பொது மனையில் போர் போட ஏற்பாடு செய்தார்கள். ஒரு சனிக்கிழமை காலை துளை போடும் லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் சென்னைப் பக்கம் பாடி என்ற ஊர்க்காரர். நானும் கூட்டத்தோடு நின்று வேடிக்கை பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஏதோ உறுத்தியது. அந்த மனையைப் படத்தில் பார்த்த ஞாபகம். நடுவில் கடுகளவு வட்டம், பக்கத்தில் 'கிணறு' என்ற எழுத்து. ஆனால் கண்ணெதிரே இருந்ததோ புல் முளைத்த சமதரை. ஊருக்குப் புதிது, தப்பாகச் சொல்லிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்களே என்று வாயைத் திறக்காமல் நின்றேன். பத்து நிமிடம் அப்படியே போயிற்று. லாரி மனைக்குள் பின்னால் வரத் தொடங்கியதும் மனசு கேட்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடிப் படத்தை எடுத்து வந்தேன்.

"இன்னாம்மா, எந்தக் காலத்துப் பேப்பரோ எட்டாந்து காட்டுற. இங்க எங்க கீது கிணறு?" என்றார் ஓட்டுநர்.

"தெரியலண்ணே. ஒரே ஒரு தடவை குத்திப் பாத்துருங்க."

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் புதரில் பழைய எல்லைக்கல் இருந்தது. அதிலிருந்து கிணறுவரை தூரம் படத்தில் எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் நாற்பதடி சொச்சம். என் கணவர் டேப்பைப் பிடிக்க, அளந்து ஓரிடத்தில் செங்கல்லை வைத்தேன். லாரியின் பின்சக்கரத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே நாலடி கூட இல்லை.

ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே கடப்பாரையால் குத்தினார். மண். மறுபடி குத்தினார். கல்லில் இடித்தது. சற்றுத் தள்ளிக் குத்தியதும் கடப்பாரை அவர் கையை விட்டு நழுவி அப்படியே உள்ளே போய்விட்டது. ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு ஆழத்தில் 'தொளுக்' என்று ஒரு ஓசை.

கூட்டம் பின்வாங்கியது. முதல் வேலையாக லாரியை முன்னால் எடுத்தார்கள். பிறகு ஓரத்திலிருந்து மண்ணை வழித்து, மூடியிருந்த பலகைக் கல் ஒன்றை நெம்பிப் புரட்டினார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வட்டம் வட்டமாக இறங்கும் செங்கல் சுவர். கால் வைத்து இறங்க நீட்டிக்கொண்டிருந்த கற்கள். அடியில் கறுப்புக் கண்ணாடி போலத் தண்ணீர், அதில் ஒரு துண்டு வானம், அதைச் சுற்றி எங்கள் தலைகள். யாரும் சொல்லாமலே சிலர் செருப்பைக் கழற்றினார்கள்.

ஓட்டுநர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் பின்னால வந்திருந்தா வண்டியோட உள்ள போயிருப்பேன்மா. ஊட்ல ரெண்டு பொண்ணுங்க கீது" என்றார்.

போர் வேலை அதோடு நின்றது. கிணற்றைத் தூர்வாரி, மேடை கட்டி, கம்பிவலை போட்டோம். குடிக்க முடியாவிட்டாலும் புழங்குவதற்குத் தெரு முழுக்க அந்தத் தண்ணீர்தான் கோடையைக் கடத்தியது.

அந்தப் படத்துக்காக வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்து இந்த மண்ணை அளந்த மனிதர் யாரோ, எனக்குத் தெரியாது. அவர் தன் வேலையை அப்பழுக்கில்லாமல் செய்துவிட்டுப் போயிருந்தார். அதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்த நான்தான் சொல்ல வெட்கப்பட்டுப் பத்து நிமிடம் நின்றேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.