பின்னாலிருந்து வந்த கை

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். கூச்ச சுபாவம். எங்கள் சபையில் மாற்றுத்திறனாளி இளைஞர்களுக்கான கூடுகையில், எஸ்தர் என்ற பெண்ணின் சக்கர நாற்காலியைத் தள்ளுவது என் பொறுப்பு.

ஒரு ஞாயிறு மாலை அவள், "அடுத்த வாரத்துல இருந்து வரமாட்டேன்க்கா. பயமா இருக்குது" என்றாள்.

"சபையில இன்னா பயம்?"

"என் வண்டியில உக்காந்து பாருங்க, தெரியும்." பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே மழை இருட்டு, கரண்டும் இல்லை. பின்னாலிருந்து ஒரு கை என் உச்சந்தலையை அழுத்தியது. காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இன்னொருவர் கையும் வந்தது. "இந்தக் கால்களை எழுப்பும் ஆண்டவரே" என்று அடிக்குரலில் ஒருவர் ஜெபித்தார். நன்றாக இருந்த என் கால்கள் மரத்துப்போயின. நான் எஸ்தர் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கைகள் விலகியதும் திரும்பினேன். இருட்டில் முதுகுகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்றாள் எஸ்தர்.

"இல்லம்மா."

"எனக்கும் தெரியாது. வாராவாரம் இப்படித்தான். ஒருத்தரும் என் பேர் கேட்டதில்ல."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் ஜெபிக்கட்டுமா?" என்று முதல்முறையாக அவளிடம் கேட்டேன்.

"இன்னிக்கு வேணாம்க்கா. உங்க கம்பெனி கதை எதனா சொல்லுங்க."

சொன்னேன். சிரித்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள்.

அவளுக்காக நான் நெடுநாள் ஜெபித்திருக்கிறேன். அவளோடு பேசத் தொடங்கியது அந்த இருட்டில்தான்.