மேசையின் அடிப்பக்கம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மேசை இருக்கிறது. ஏழடி நீளம், நாலடி அகலம். ஹால் பத்துக்குப் பத்து. சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் ஃபிரிட்ஜுக்கும் மேசை மூலைக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்து நுழைய வேண்டும். சாம்பார்ப் பாத்திரத்தோடு நுழைவது தனி வித்தை. அந்த மூலை என் வலது தொடையில் இடித்து இடித்து, கன்றிப்போன இடம் நாலு மாதம் ஆறவேயில்லை.

செய்தவர் என் கணவர். ஓசூரில் ஒரு கம்பெனி டூல்ரூமில் ஃபிட்டர், பதினாலு வருஷமாக ஒரே பெஞ்சு. நான் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், பதினோரு வருஷமாக ஒரே கண்ணாடி அறை. சின்ன இரும்புப் பின்னை எடுப்பேன், அளவு பார்க்கும் கேஜில் விடுவேன், திருப்பி மறுபக்கம் பார்ப்பேன், ட்ரேயில் போடுவேன். கனவில்கூடப் பின்தான் வரும், அதையும் திருப்பிப் பார்ப்பேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் மேனேஜர் கூப்பிட்டார். புனேயில் புது யூனிட் திறக்கிறார்கள், அங்கே ஒரு செக்‌ஷனுக்கு நான்தான் இன்சார்ஜ். ரெண்டு வருஷம், குடும்பத்தோடு தங்கக் குவார்ட்டர்ஸ். "வீட்ல கேட்டுட்டு பூஜை லீவு முடிஞ்சு திங்கக்கிழமை சொல்லுங்கம்மா" என்றார். அன்றைக்கு ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா கன்னடத்தில் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து படியேறினால் ஹால் முழுக்கப் பலகை. அவர் கம்பெனிக்கு வந்த மெஷினின் பேக்கிங் கட்டைகள். பைன் மரம், ஆணி பிடுங்கிய ஓட்டைகளோடு. கேட் பாஸ் வாங்கி வண்டி பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"டைனிங் டேபிள் செய்யப் போறேன்" என்றார்.

"இந்த வீட்லயா?"

"வேற எந்த வீட்ல?"

அவ்வளவுதான் பேச்சு. நான் சொல்ல வந்ததை மென்று முழுங்கினேன். எங்கள் கல்யாணத்திலிருந்தே இப்படித்தான். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று என் அம்மா அவரை நேரிலேயே கேட்டிருக்கிறாள். மனுஷன் பேசமாட்டார், எதையாவது செய்து வைப்பார். எனக்குக் கோபம் வந்தால் மறுநாள் மிக்ஸி ரிப்பேராகி இருக்கும், அதாவது சரியாகியிருக்கும். ஆகவே இந்த மேசையும் ஒரு பேச்சுதான் என்று எனக்குத் தோன்றியது. யாரோ வந்து புனே விஷயத்தை ஓதிவிட்டார்கள், அதற்கு இவர் ஆணி அடித்துப் பதில் சொல்கிறார்.

பூஜைக்கு அவர் கம்பெனியில் நாலு நாள் லீவு, எங்களுக்குப் பூஜையன்று மட்டும். நான் செகண்ட் ஷிஃப்டுக்குப் போகும்போது மொட்டை மாடியில் இழைத்துக்கொண்டிருப்பார். மரத்தூள் கீழ்வீட்டு அம்மாவின் வடாம் மேல் விழுந்தது. அந்தம்மா கோபம் வந்தால் தெலுங்கு, காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழ். அந்த நாலு நாளும் தெலுங்குதான்.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து பார்த்தால் மேசை ஹாலில் நின்றது. இரும்பு ஆங்கிள் சட்டத்தின் மேல் எட்டுப் பலகை, அத்தனையும் சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி பார்க்கும் மெல்லிசுத் தகட்டை எடுத்து நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

எங்கள் மகள் ஆறாவது படிக்கிறாள். அவள் மேசையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "அப்பா, இது கதவுல எப்படிப்பா போவும்?"

"போறப்ப பாத்துக்கலாம்" என்று சிரித்தார்.

நான் டேப்பை எடுத்துக் கதவை அளந்தேன். கதவு இரண்டரை அடி. அதைத் தாண்டினால் வளைந்து இறங்குகிற படி. இது போகாது, நானும் போகமாட்டேன் என்று அவர் அளந்து செய்திருக்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் மேனேஜரிடம் போய், வீட்டுச் சூழ்நிலை சரியில்லை சார் என்றேன். "வீட்ல கேட்டீங்களா?" என்றார். கேட்டாச்சு சார் என்றேன். அந்த இடத்துக்கு என் பக்கத்து டேபிள்காரி போனாள். எனக்குப் பிறகு ஆறு வருஷம் கழித்துச் சேர்ந்தவள்.

அதற்கப்புறம் அந்த மேசையில் ஒழுங்காக ஒரு வேளை சாப்பிட்ட நினைவில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடி சாப்பிடுவேன். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து தனியாக அதன் ஒரு ஓரத்தில் உட்காருவார். அவ்வளவு பெரிய மேசையில் ஒரு தட்டு. பார்க்கப் பாவமாகவும் இருக்கும், நல்லா வேணும் என்றும் இருக்கும்.

மாசி மாதம் காற்று காய ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் படீரென்று சத்தம். நடுவிலிருந்து ரெண்டாவது பலகை ஒரு முழத்துக்கு வெடித்திருந்தது. ஃபிட்டருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், லூசானால் டைட் பண்ணு. கிளாம்ப் போட்டு விரிசலை நெருக்கி இன்னும் நாலு போல்ட் இறுக்கினார். மூன்றாம் நாள் பக்கத்துப் பலகையும் போயிற்று.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு நாலு மாதக் கோபம் வாய்க்கு வந்தது. "மழைக்காலத்து மரங்க அது. காய்ஞ்சா சுருங்காதா? நகரவே விடாம சுத்தி இறுக்கிப் புடிச்சா வெடிக்காம என்ன பண்ணும்?"

அவர் விரிசலை விரலால் தடவினார். "நீ சொல்றது சரிதான். போல்ட் ஓட்டைய அரத்தால நீளமா ராவி விட்டா மரம் அது பாட்டுக்கு நகரும். எல்லாத்தையும் லூஸ் பண்ணணும். அடியில வந்து நட்டைப் புடிக்கிறியா?"

ஸ்பேனரோடு போய் மல்லாக்கப் படுத்தேன். நாலு மாதம் அதன் அடியில் துடைத்திருக்கிறேன், ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்த்தேன். சட்டம் ஒன்றல்ல, ரெண்டு. ஏழடிக்கு ரெண்டடியாக ரெண்டு பாதி, நடுவில் எட்டு போல்ட் போட்டுச் சேர்த்திருந்தது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரெண்டு பக்கமும் இரும்பில் பஞ்ச் உளி வைத்துக் குத்திய புள்ளிகள். இந்தப் பக்கம் ஒன்று, எதிரே ஒன்று. அடுத்ததில் ரெண்டு, எதிரே ரெண்டு. அப்படியே எட்டு வரைக்கும்.

அந்தப் புள்ளிகள் எதற்கென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கழற்றி மறுபடி மாட்டப்போகிற சாமானில்தான் ஃபிட்டர் அப்படிக் குத்துவான், மாட்டும்போது ஜோடி மாறிவிடக் கூடாதென்று.

"இதுக்கு எதுக்குங்க பஞ்ச் அடிச்சீங்க?"

"புனேக்குப் போனா கழட்டித்தானே எடுத்துட்டுப் போவணும்" என்றார், பக்கத்தில் படுத்து ஒரு போல்ட்டைத் திருகியபடி. "உங்க கம்பெனியில உனக்குக் குடுக்கறாங்கன்னு, பலகை எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே பஸ்ல ஒருத்தர் சொன்னாரு. எங்க ஆளுங்க ரெண்டு பேரு ஏற்கெனவே அங்கதான் இருக்காங்க, எனக்கும் வேலை கேட்டு வெச்சேன். நீ வாயத் தெறந்து சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன். நீ சொல்லல. சரி, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான், நீ மனசு ஒடஞ்சி இருக்கேன்னு நானும் கேக்கல."

தினம் ஆயிரம் பின்னைத் திருப்பி மறுபக்கம் பார்க்கிறவள் நான்.

"கம்பெனி ஏமாத்தல. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

அவர் கை நின்றது. "ஏன்?"

என் முகத்துக்கு ஒரு முழம் மேலே பலகை. மேசை பெரிசா இருந்துச்சு, அதனால போகலை என்று மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

"நட்டைப் புடிச்சிருக்கேன்" என்றேன். "நீங்க கழட்டுங்க."