கயித்தான் கொடுத்த பெஸ்தானா

கயித்தா! உம்மை நேரில் ஒருநாளும் நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. தெரு முழுக்க, சின்னப் பிள்ளைகள் உட்பட, உம்மைக் கயித்தா என்றுதான் கூப்பிட்டது. துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிறவர் என்பதால் நீர் டாலி. என் மகளுக்கு ஞானத்தகப்பன் என்பதால் எனக்கு மட்டும் கும்பாதிரி. 'கயித்தான் பெஸ்தானா' என்ற முழுப் பேர் உமக்குச் சவப்பெட்டியின் மேல் அடித்த பித்தளைத் தகட்டில்தான் கிடைத்தது. அதைப் பார்த்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்திருப்பீர்.

சேதி எனக்குத் திரேஸ்புரம் கரையில் வந்தது. சாளை மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது. நான் கேட்ட விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஏலம் கூறுகிறவர் என் பேரைச் சொல்லி முடிப்பதற்கும், வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் வாய் திறப்பதற்கும் சரியாக இருந்தது. "ஏளா பாக்கியம், ஒன் கும்பாதிரி போயிட்டாருளா. காலைல நாற்காலில உக்காந்தபடியே" என்றார். பக்கத்தில் நின்றவளிடம் மீனைத் தள்ளிவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

இனி நான் எழுதுவது அவரைத் தெரிந்த உங்களுக்கு. புதுத் துறைமுகத்தில் அவரோடு நின்று கப்பல் சரக்கு எண்ணியவர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறீர்கள். என்னையும் எழுதச் சொன்னீர்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். மீன் விற்கிறவள். அலங்காரமாக எழுத வராது. அலங்காரத்துக்கு அவருடைய அண்ணன் இன்னாசியார் வழுவழுத் தாளில் ஒரு மலர் போட்டு வீடுவீடாகக் கொடுத்திருக்கிறார். அதில் கயித்தானைப் பற்றி இருப்பது கொஞ்சம். கப்பித்தானைப் பற்றி இருப்பதுதான் அதிகம். நானூறு வருஷத்துக்கு முன்னால் போர்த்துகீசுப் பறங்கிக் கப்பலில் தலைவனாக வந்து இறங்கிய கப்பித்தான் பெஸ்தானா என்ற பிரபுவின் ரத்தம் இந்தக் குடும்பத்தில் ஓடுகிறதாம். அந்த ரத்தத்தில் கடைசி ஆண்பிள்ளைகளில் ஒருவர் கயித்தானாம். தம்பி செத்ததைவிடப் பேர் குறைந்ததுதான் அவருக்கு வருத்தம். அதை வாசித்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் பேரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பூசை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் 'பர்னாந்து' என்று கூப்பிட்டால் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ரோச், மோத்தா, மிராந்தா என்றாலும் நாலு தலை திரும்பும். பெஸ்தானா என்று கூப்பிட்டால் இன்னாசியார் மட்டும் திரும்புவார். அதற்காகவே யாராவது கூப்பிட மாட்டார்களா என்று மெதுவாக நடப்பார். அவருடைய தாத்தா காலத்தில் ஒரு தெரு நிறையப் பெஸ்தானா இருந்தார்களாம். பாதிப்பேர் கொழும்புக்குப் போய் அங்கேயே கரைந்துவிட்டார்கள். சிலர், வாயில் நுழையவில்லை என்று பர்னாந்து ஆகிவிட்டார்கள். ஒரு வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் சாமியாருக்குப் படிக்கப் போய்விட்டார்கள். மிச்சம் அண்ணனும் தம்பியும். அண்ணனுக்கு இரண்டும் பெண்கள், கட்டிப்போன வீட்டுப் பேரோடு போய்விட்டார்கள். தம்பி கலியாணமே செய்யவில்லை.

ஆனால் மூன்றாவதாக ஒரு பெஸ்தானா உண்டு. என் மகள் பிரகாசி. வழுவழு மலரில் அவள் இல்லை.

இன்னாசியார் வீட்டு முன்கூடத்தில் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன் படம் கண்ணாடி போட்டுத் தொங்கும். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து, "இவர்தானா?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காப்பி தாமதமாகும். ஒரு திருநாள் சாப்பாட்டுக்கு நான் பின்வாசலில் மீன் கொடுத்துக்கொண்டு நின்றேன். மதுரையிலிருந்து வந்த விருந்தாளி அந்தப் படத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொண்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கயித்தான் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அது கொழும்பு பிஸ்கட் டின் மூடியில இருந்து வெட்டுனது. நான்தான் சின்னப் பயலா இருக்கும்போது அந்த பிஸ்கட்டைத் தின்னேன்."

"ஏலே, மரியாதையா இரு. அவரு ரத்தம்லே நம்ம ஒடம்புல ஓடுது" என்று இன்னாசியார் கத்தினார்.

"சரிண்ணே. நம்ம ஆளுங்க கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம் வாங்கும்போது எவன் பக்கத்துல ஞானத்தகப்பனா நின்னானோ, அவன் பேரைக் குடுத்தாங்கன்னு கடற்கரை பூராவும் சொல்லுதாங்க. ஒருத்தன் நின்னா ஒரு தெருவுக்கே அவன் பேரு. அந்த வழியில வந்த பேருன்னா நமக்கும் அவனுக்கும் தண்ணி சம்பந்தம்தான், ரத்த சம்பந்தம் இல்ல. அவன் கப்பித்தானோ, கப்பல்ல சோறு ஆக்குனவனோ, அது யாரு கண்டா? இல்ல, ரத்தம்தான்னு நீ அடிச்சிச் சொன்னா, அந்தக் காலத்து நம்ம பாட்டி ஒருத்தி சங்கதியை நீ விருந்தாளி முன்னால பேசுதே. எது வேணும்னு நீயே சொல்லு."

விருந்தாளி தண்ணீர் குடித்தார். இன்னாசியாரின் மனைவி சலேத்தம்மாள் மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் வாசற்படியில் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, கடைசிவரைக்கும் சொல்லவில்லை.

என் மகளுக்கு அந்தப் பேர் வந்த கதையும் அதே வழிதான். முத்துக் குளிக்கும் சலாபம் கூடிய வருஷம். கடற்கரை முழுக்கச் சிப்பி நாற்றமும் வெளியூர்க் கூட்டமுமாக இருந்தது. என்னைக் கட்டியவர் தோணியில் கொழும்புக்குப் போனவர், பிள்ளை பிறப்பதற்குள் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று சேதி வந்தது. அவருடைய வீட்டார் ஞானஸ்நானத்துக்கு வர மாட்டோம் என்றார்கள். வராததோடு விடவில்லை. "எங்க வீட்டுப் பேரை அந்தக் குட்டிக்கு வச்சிராதே" என்று ஆள் வைத்துச் சொல்லி அனுப்பினார்கள். பெரிய பேர்தான். ஊரில் பாதிப்பேருக்கு இருக்கிற பேர்.

நானும் என் அம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலில் போய் நின்றோம். உபதேசியார், "ஞானத்தகப்பன் யாரு? பிள்ளைக்கு வீட்டுப் பேரு என்ன?" என்று கேட்டார். நான் அம்மா முகத்தைப் பார்த்தேன். அப்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் கயித்தான். கிறிஸ்மசுக்கும் சாவுக்கும் தவிரக் கோவில் பக்கம் வராத மனிதர், தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டு, கையில் புது மெழுகுதிரி வைத்துக்கொண்டு நின்றார். அதுவரைக்கும் அவரோடு நான் பேசியது மீன் விலை மட்டும்தான்.

"ஞானத்தகப்பன் நான். பேரு பெஸ்தானா. எழுதும் வே" என்றார்.

உபதேசியார் தயங்கினார். "உங்க அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"எங்க பேரு வந்ததே இப்படித்தான் வே. பழைய சட்டை. யாருக்கு இல்லியோ, அவுங்க போட்டுக்கிடட்டும்."

அன்று முதல் அவர் எனக்குக் கும்பாதிரி, நான் அவருக்குக் கும்மாதிரி. நம் கடற்கரையில் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்கிறவர் தாய்க்கு உடன்பிறந்தவர் மாதிரி. ஊர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை அவருக்கே பிறந்தது என்று பேசினார்கள். இல்லை. சத்தியமாக இல்லை. மறுத்துச் சொல்லுங்கள் என்று நானே அவரிடம் அழுதேன். "ஊர்க்காரன் வாயிலேர்ந்து எறங்குற சரக்கையெல்லாம் எண்ண எனக்குச் சம்பளம் கிடையாது கும்மாதிரி" என்றார். பேசியவர்களை அவர் பகையாகக்கூட நினைக்கவில்லை. அந்த மதிப்பைக்கூட அவர்களுக்கு அவர் கொடுக்கவில்லை.

இனி சாவு வீட்டைச் சொல்கிறேன். அவரை முன்கூடத்தில், அந்த பிஸ்கட் டின் பிரபுவுக்கு நேர் கீழே கிடத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் அவருக்கு அந்த வீட்டில் பின்கட்டு அறைதான். செத்தபின் கூடம் கிடைத்தது. நானும் பிரகாசியும் போனோம். ஞானத்தகப்பன் செத்தால் ஞானப்பிள்ளை தலைமாட்டில் திரி பிடித்து நிற்பது வழக்கம். பிரகாசி திரியோடு போனாள். இன்னாசியார் அவள் கையிலிருந்து அதை வாங்கி தன் மருமகன் ஒருவன் கையில் கொடுத்தார். அந்த மருமகனுக்குக் கயித்தான் துறைமுகத்தில் என்ன வேலை பார்த்தார் என்றுகூடத் தெரியாது. நடுவில் தூக்கம் வந்து திரியைச் சாய்த்து, பூமாலையில் மெழுகை ஒழுகவிட்டான். பிரகாசி வெளியே பந்தலில், உங்களோடு, துறைமுகத்து ஆட்களோடு நின்றாள். "இங்கன நில்லு தாயி, இதுதான் அவரு ஆளுங்க நிக்குற எடம்" என்று உங்களில் ஒருவர் சொன்னது எனக்கு மறக்காது.

இன்னாசியார் அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். பிரகாசிக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை வீரபாண்டியன்பட்டணம், பர்னாந்து. கும்பாதிரியே போய்ப் பேசி முடித்த இடம். கோவிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகள் இன்னாளுக்கும் இன்னாருடைய மகன் இன்னாருக்கும் என்று பீடத்தில் நின்று சாமியார் ஊருக்குச் சொல்லுவார். முதல் ஓலைக்கு முந்தின நாள் சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனால் இன்னாசியார் பெண்டாட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாற்காலி இல்லை.

"சாமி, மரிய பிரகாசின்னு மட்டும் வாசிங்க. அது போதும். பெஸ்தானான்னு வாசிச்சா எங்க வீட்டுப் பொண்ணுன்னு ஊரு நெனைக்கும். தம்பி ஏதோ எரக்கப்பட்டுக் குடுத்தான். அவனோட அது போச்சு" என்றார் இன்னாசியார்.

சாமியார் கடற்கரை வழக்கம் தெரியாத உள்நாட்டுக்காரர், இளவயசு, புதிதாக வந்தவர். "ஒரு பேர்தானேம்மா? சாவு நடந்த வீடு. விட்டுக்கொடுத்தால் என்ன?" என்று கேட்டார்.

பேர் இல்லாமல் வாசித்தால் மாப்பிள்ளை வீட்டார் காதில் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். தகப்பன் வீட்டுப் பேரும் இல்லை, ஞானத்தகப்பன் பேரும் இல்லை, அப்படியானால் இவள் யார் என்று கேட்பார்கள். இருபது வருஷமாக ஊர் மென்ற பேச்சைச் சாமியாரே பீடத்திலிருந்து உமிழ்ந்த மாதிரி ஆகிவிடும்.

"விட்டுக் குடுக்கேன் சாமி" என்றேன். "ஆனா அண்ணாச்சி, ஒங்க தம்பி அன்னைக்குத் திருநாள் சாப்பாட்டுல ஒரு கேள்வி கேட்டாரு. நீங்க இன்னும் பதில் சொல்லல. சாமி முன்னால அதைச் சொல்லுங்க. சொல்லிட்டு என் மவ பேரை வெட்டிருங்க."

"என்ன கேள்வி?" என்றார் சாமியார். அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை.

இன்னாசியார் முகம் சுட்ட இறால் மாதிரி ஆனது. தண்ணீர் என்று சொன்னால் பிரகாசியும் அவரும் ஒன்று. ரத்தம் என்று சொன்னால் பாட்டி கதையைப் பாதிரியாரிடம் சொல்ல வேண்டும். கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். கடைசியில் சலேத்தம்மாள்தான் எழுந்தாள். "விடுங்க, வாங்க போவம். மூணு ஞாயிறுதான? அப்புறம் அவ பர்னாந்தாயிருவா. கழுதை, வாசிச்சிட்டுப் போட்டும்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. செருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

அந்தப் பேர் அப்படித்தான் கிடைத்தது. யாரும் மனம் மாறிக் கொடுக்கவில்லை. தூக்கிப் போட்டார்கள், நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அதில் வெட்கமில்லை. அவர்களுக்கு மட்டும் என்ன, பறங்கி கையில் ஏந்தியா கொடுத்தான்?

போன ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலையும் வாசித்து முடிந்தது. 'மரிய பிரகாசி பெஸ்தானா' என்று சாமியார் நிறுத்தி நிதானமாக வாசித்தார். முன் வரிசையில் இன்னாசியார் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருகிற புதன்கிழமை கலியாணம். அது முடிந்ததும் இந்தத் தூத்துக்குடியில் ஒரே ஒரு பெஸ்தானாதான் மிச்சம். அவர் ஆசைப்பட்டபடியே பேர் சுத்தமாகிவிடும். பிஸ்கட் டின்னுக்குக் கீழே உட்கார்ந்து, அவரே கூப்பிட்டு அவரே திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும்.

கும்பாதிரியிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், பெரிய பேரைக் கேட்டதும் தலையைக் குனியாமல், "யாரு கண்டா?" என்று சொல்லுகிற அந்தச் சிரிப்புத்தான். அதை அவர் எனக்குக் கற்றுத் தரவில்லை. பக்கத்தில் நின்றார், ஒட்டிக்கொண்டது.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது, கயித்தா. அன்றைக்கு எங்களுக்கு ஞானஸ்நானம் என்று உமக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு எப்படி வந்தீர் என்று பலதடவை உம்மிடம் கேட்டேன். ஒருதடவை, "மழைக்கு ஒதுங்குனேன்" என்றீர். அந்த மாதத்தில் தூத்துக்குடியில் என்ன மழை? இன்னொருதடவை, "தெருவுல மாடு மறிச்சிது, சுத்தி வந்தேன்" என்றீர். மாட்டுக்குப் பயந்து வருகிறவர் கையில் புது மெழுகுதிரி எதற்கு? தேய்த்த சட்டை எதற்கு? இருபது வருஷம் பின்வாசலில் மீன் கொடுத்துவிட்டுக் கேட்காமல் திரும்பியதை இப்போது கேட்கிறேன்: அன்றைக்கு நீர் யாருக்காகக் கோவிலுக்கு வந்தீர், பிள்ளைக்காகவா, எனக்காகவா?